இளம் வயதினருக்கான குழு உளச்சிகிச்சை: சிகிச்சை பெறுவோரும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தனிமையும் அதனால் எழும் மனத்துயரும் 18 முதல் 29 வயது வரையிலானோரிடம் பரவலாகக் காணப்படுகின்றன. இவர்களுக்கு உதவும் சிகிச்சை முறைகளுள் ஒன்று குழு உளச்சிகிச்சை. அது யாருக்கு ஏற்றது, அமர்வில் என்ன நிகழும், அங்குப் பேசப்படுபவை எவ்வாறு காக்கப்படுகின்றன என்பவற்றைத் தென்காசி, குற்றாலம் பகுதி மக்களை மனத்திற்கொண்டு இப்பக்கம் விளக்குகிறது.

தனிமை ஏன் மருத்துவச் சிக்கலாகிறது?

தனியாக இருப்பது வேறு. தனிமையை உணர்வது வேறு. தாம் விரும்பும் அளவுக்கு நெருக்கமான உறவுகள் இல்லை என்ற வேதனையே தனிமையுணர்வு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்பவருக்கும் அது ஏற்படலாம். சாரல் காலத்தில் குற்றாலக் கடைவீதியில் நாள் முழுவதும் மக்களுடன் பேசி வணிகம் செய்யும் இளைஞருக்கும் ஏற்படலாம்.

உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 13 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் 17 முதல் 21 விழுக்காட்டினர் தனிமையை உணர்வதாக அவ்வறிக்கை குறிப்பிடுகிறது. நீடித்த தனிமை மனச்சோர்வு, பதற்றம், இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பை உயர்த்துகிறது.

தென்காசி மாவட்டத்தில் இதற்குத் தனிப்பட்ட சூழல்களும் உண்டு. உடன் படித்தவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை, வளைகுடா நாடுகள் எனப் பிரிந்து சென்றபின் ஊரில் தங்கிவிட்டவர்கள். போட்டித் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே படிப்பவர்கள். வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் இளம்பெண்கள். திருமணமாகிப் புதிய ஊருக்கு வந்தவர்கள். வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பியவர்கள் ஆகியோர் பழைய நட்பை இழந்து புதிய நட்பைப் பெறாத இடைநிலையில் இருக்கக்கூடும்.

புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் "தனிமையாக இருக்கிறேன்" என்று கூறுவதில்லை. தூக்கமின்மை, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை என்றே கூறுவர். உடல் பரிசோதனைகளில் குறை காணப்படாதபோது மனநிலையையும் மதிப்பிடுவது அவசியம்.

குழு உளச்சிகிச்சை என்றால் என்ன?

பயிற்சி பெற்ற மனநல மருத்துவர், உளவியலாளர் அல்லது மனநல சமூகப் பணியாளர் ஒருவரின் வழிநடத்தலில், ஒத்த சிக்கல் உடைய சிலர் குறிப்பிட்ட கால இடைவெளியில் கூடிப் பேசிச் சிகிச்சை பெறுவதே குழு உளச்சிகிச்சை. இது சொற்பொழிவு அன்று. நண்பர்களைத் தேடித்தரும் மன்றமும் அன்று. மனச்சோர்வு, பதற்றம், சமூக அச்சம் போன்றவற்றில் இது தனிநபர் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இம்முறைக்கு ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், காசநோயுற்ற ஏழை நோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டி வகுப்பு நடத்தினார். நோயைப் பற்றிக் கற்பிப்பதற்காகத் தொடங்கிய கூட்டத்தில், ஒருவரின் முன்னேற்றம் மற்றவர்க்கு ஊக்கம் அளிப்பதை அவர் கண்டார். பின்னர் மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1970-இல் வெளியிட்ட நூலில், குழு எவ்வாறு குணமளிக்கிறது என்பதை முறையாக விளக்கினார். நம்பிக்கை பிறத்தல், "எனக்கு மட்டுமன்று" என்ற தெளிவு, பிறர்க்கு உதவுவதால் வரும் தன்மதிப்பு, பழகும் திறன் வளர்தல் ஆகியவை அவர் சுட்டிய காரணிகளுள் சில.

ஒத்த நிலையினர் ஒருவர்க்கொருவர் துணையாவதற்குத் தென்காசிக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். மாற்றுத்திறனாளிகள் கற்கவும் பயிற்சி பெறவும் கூடி இயங்கவும் அது இடமளிக்கிறது. அது குழு உளச்சிகிச்சை நிலையம் அன்று. ஆயினும் துன்பம் அடைந்தவரே மற்றவர்க்குத் துணையாக முடியும் என்ற அடிப்படை இரண்டிற்கும் பொதுவானது.

அமர்வில் என்ன நிகழும்?

ஒரு குழுவில் பொதுவாக 6 முதல் 10 பேர் இருப்பர். அமர்வு வாரம் ஒருமுறை, 60 முதல் 90 நிமிடங்கள் நடைபெறும். பல குழுக்கள் 8 முதல் 12 வாரங்களில் நிறைவுறும். சில அதற்கு மேலும் தொடரும்.

குழுவில் சேருமுன் சிகிச்சையாளர் உங்களைத் தனியே சந்திப்பார். உங்கள் சிக்கல், எதிர்பார்ப்பு, அச்சம் ஆகியவற்றைக் கேட்டறிவார். விதிகளையும் அப்போதே விளக்குவார். குழுவில் அனைவரும் வட்டமாக அமர்வர். அந்த வாரம் எவ்வாறு சென்றது என்று ஒவ்வொருவரும் சுருக்கமாகக் கூறியபின், ஓரிருவரின் சிக்கல் விரிவாகப் பேசப்படும்.

இச்சிகிச்சை செயல்படும் முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு. "நான் அருகில் வந்தாலே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்" என்று ஓர் இளைஞர் கூறுவதாகக் கொள்வோம். சிகிச்சையாளர் உடனே அறிவுரை கூறமாட்டார். "இங்கும் அவ்வாறு நிகழ்ந்ததா?" என்று குழுவைக் கேட்பார். ஒருவர், "நீங்கள் வந்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டீர்கள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணிப் பேசாமல் இருந்தேன்" என்பார். பிறர் தம்மை வெறுப்பதாக இளைஞர் எண்ணியிருந்தார். பிறரோ, அவர் விலகியிருக்க விரும்புவதாக எண்ணியிருந்தனர். வெளியே எவரும் இதை முகத்துக்கு நேரே கூறமாட்டார்கள். குழுவில் அது கனிவோடு கூறப்படுகிறது. அடுத்த வாரம் வேறுவிதமாகப் பழகிப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

ஆகவே, மனிதர்களுடன் பழகுவதற்கான அச்சம் குழுவில் சேர்வதற்குத் தடையன்று. பெரும்பாலும் அதுவே சேர்வதற்கான காரணம்.

ஊருக்குத் தெரிந்துவிடுமா?

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் இளையோரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவைக்கும் முதன்மையான அச்சம் இதுவே. திருமணப் பேச்சு தடைப்படும், வேலை கிடைக்காது என்ற கவலையால் பலர் ஆண்டுக்கணக்கில் காலம் தாழ்த்துகின்றனர். எனவே கீழ்க்கண்டவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்.

• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உங்கள் மனநலத் தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை வழங்குகிறது. சிகிச்சை அளிப்போர் அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.
• குழுவின் மற்ற உறுப்பினர்கள் சிகிச்சை அளிப்போர் அல்லர். ஆகவே "இங்குக் கேட்டது இங்கேயே" என்ற உறுதிமொழியை ஒவ்வொருவரிடமும் தொடக்கத்திலேயே பெறுவர். இதை மீறுபவர் குழுவிலிருந்து நீக்கப்படலாம்.
• ஊர், தெரு, பணியிடம், குடும்பப் பெயர் ஆகியவற்றைக் கூற வேண்டிய கட்டாயம் இல்லை.
• உறவினரோ அறிமுகமானவரோ அதே குழுவில் இருக்கக்கூடும் என்று தோன்றினால் முன்சந்திப்பிலேயே கூறுங்கள். வேறு குழுவையோ தனிநபர் சிகிச்சையையோ கேட்கலாம். உள்ளூரில் தயக்கம் இருப்பின் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம்.
• உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என அறியும்போது, அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் சிகிச்சையாளர் தகவலைப் பகிர நேரிடும்.

யாருக்கு உடனடியாக ஏற்றதன்று?

தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவர்கள், பிறர்க்குக் கேளாத குரல் கேட்பது போன்ற கடும் மனநோய் அறிகுறிகள் உடையவர்கள், மதுப்பழக்கத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் உள்ளவர்கள் ஆகியோருக்கு முதலில் தனிப்பட்ட சிகிச்சை தேவை. நிலை சீரடைந்தபின் குழுவில் சேரலாம். மருந்து உட்கொள்பவர்கள் குழுவில் சேர்ந்ததற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. அருவிக் குளியல் புத்துணர்ச்சி தரலாம். ஆயினும் மனநோய்க்கான சிகிச்சைக்கு அது மாற்றாகாது.

முதல் சில வாரங்கள்

குழுவை விட்டு விலகுவோரில் பலர் முதல் சில அமர்வுகளிலேயே விலகுகின்றனர். தொடக்கத்தில் கூச்சமும், "இவர்களால் எனக்கு என்ன பயன்?" என்ற ஐயமும் எழுவது இயல்பு. சில அமர்வுகளுக்குப் பின் மனம் சற்றுக் கனத்திருக்கவும் கூடும். குறைந்தது நான்கு அமர்வுகளில் பங்கேற்றபின் முடிவெடுங்கள். முதல் நாளில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். விலக விரும்பினால் சொல்லாமல் நின்றுவிடாமல் சிகிச்சையாளரிடம் கூறுங்கள். குழுவில் எவரேனும் உங்களை இழிவுபடுத்தினால் அதையும் உடனே தெரிவியுங்கள்.

குழுவில் கற்றதை வெளியே கொண்டுசெல்வதே சிகிச்சையின் இலக்கு. பழைய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தல், நூலகத்தில் அருகில் அமர்ந்து படிப்பவரிடம் நலம் விசாரித்தல், மாலையில் கைப்பந்து ஆடச் செல்லுதல் போன்ற சிறு பணிகள் ஒவ்வொரு வாரமும் வழங்கப்படலாம்.

பராமரிப்பாளர்களுக்கு

• அமர்வு முடிந்து வந்ததும் "என்ன பேசினீர்கள்?" என்று துருவிக் கேட்க வேண்டாம். "போய் வந்தது எப்படி இருந்தது?" என்பது போதும்.
• "உனக்கென்ன குறை?" என்பது போன்ற சொற்கள் பேச்சை முடக்கிவிடும்.
• மகளுடன் துணைக்கு வருவோர் வெளியே காத்திருக்கலாம். அமர்வினுள் இருக்க இயலாது. பெண்களுக்கென்று தனிக் குழு உள்ளதா என்று கேட்டறியலாம்.
• சாரல் காலத்தில் கடை, விடுதிப் பணிகளில் உள்ள இளையோருக்கு அமர்வு நாளன்று சில மணி நேர விடுப்புக் கிடைக்க உதவுங்கள்.
• மாற்றம் மெதுவாகவே வரும். தூக்கம் சீராதல், வீட்டில் உடன் அமர்ந்து உண்ணுதல் போன்றவை முதல் அறிகுறிகளாக இருக்கலாம்.

எங்கு அணுகுவது?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முதலில் கூறலாம். தென்காசி மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகக் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். குழு அமர்வுகள் நடைபெறும் இடமும் நாளும் மாறக்கூடியவை, நேரில் கேட்டறிந்துகொள்ளுங்கள். தொலைபேசி வழியாகப் பேச, 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உடனடி உதவி

"வாழ்ந்து பயனில்லை" என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டாம். 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 அவசர ஊர்தியை அழைத்து, அவரைத் தனியே விடாமல் உடனிருங்கள். பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் போன்றவற்றை அவர் கைக்கு எட்டாதவாறு அகற்றுங்கள்.

இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரை நேரில் அணுகவும்.