எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்த 'திருகோணமலை'

கடந்த ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பால்கனியிலிருந்து 'கரகர' என்று சத்தம் கேட்டுப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டு, மேல்வீட்டு நண்பர்களுக்கு முதலில் நன்றி. "சார், என்ன, உட்வொர்க் நடக்குதா?" என்று லிஃப்டில் பலர் கேட்டார்கள். உட்வொர்க்தான், ஆனால் அலமாரி இல்லை. கப்பல். 25 அங்குல நீளத்தில் ஒரு பாய்மரப் போர்க்கப்பல்.

நான் செய்த கப்பலின் பெயர் 'டிரிங்கோமலி'. நம் வாயில் திருகோணமலை. 1817இல் பம்பாயில் கட்டப்பட்டது. இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் நிற்கிறது. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு "எதற்காக இவ்வளவு பாடு?" என்று கேட்டதால் அதன் கதையை எழுதுகிறேன்.

கப்பல் மாடல் செய்கிறவர்கள் வரைபடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஃபிளாட் வாங்கும்போது பில்டர் காட்டிய வரைபடம் போலத்தான் இதுவும். பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் தோற்றம், முன்னும் பின்னும் வெட்டிப் பார்க்கும் தோற்றம் என்று மூன்று உண்டு. மேல்தோற்றத்தில் பாதிக் கப்பலை மட்டுமே வரைந்திருப்பார்கள். மறுபாதியும் அதேதானே, காகிதம் மிச்சம்!

இந்த வரைபடத்தின் வேர் இங்கிலாந்தில் இல்லை, பிரான்சில் இருக்கிறது. 1782 செப்டம்பரில் 'ஹீபி' என்ற பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். அதன் வடிவம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போக, உடம்பை அளந்து, அதே மாதிரியில் வரிசையாகக் கப்பல்கள் கட்டினார்கள். 'லீடா' வகை என்று அவற்றுக்குப் பெயர். நம் கப்பலும் அதில் ஒன்று.

அந்த 1782 நம் கரைக்கும் முக்கியமான வருடம். ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் நம் கடலில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஒரு சண்டை. ஈ.சி.ஆர். வழியாகப் போய் அங்குள்ள டச்சுக் கோட்டையைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே இன்னொன்று. ஆகஸ்ட் கடைசியில் சஃப்ரன் திருகோணமலைத் துறைமுகத்தைப் பிடித்துவிட்டார். சென்னையிலிருந்து விரைந்த ஹியூஸ் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 3ஆம் தேதி இரு படைகளும் மோதின. இரு பக்கமும் அடி பலம், யாருக்கும் முழு வெற்றி இல்லை. அந்தச் சண்டையின் பெயரைத்தான் பிறகு இந்தக் கப்பலுக்கு வைத்தார்கள். ஆக, கப்பலின் வடிவமும் பெயரும் ஒரே மாதத்தில், உலகின் இரு மூலைகளில் பிறந்தவை.

1812இல் இந்தக் கப்பலைக் கட்டச் சொல்லி பம்பாய்க்கு உத்தரவு வந்தது. வரைபடங்களை 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் அனுப்பினார்கள். அந்த நேரத்தில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் 'கான்ஸ்டிடியூஷன்' என்ற அமெரிக்கக் கப்பல் ஜாவாவைத் தோற்கடித்தது. கப்பலோடு வரைபடமும் போயிற்று! மறுபடி நகல் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை, அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இன்றுவரை பாஸ்டன் துறைமுகத்தில் மிதக்கிறது.

கட்டுமானம் தொடங்கியபோது 1816 ஆகிவிட்டது. தலைமைக் கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா. அவர் குடும்பத்தின் மூத்தவரான லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா, 1736இல் சூரத்திலிருந்து கப்பல் கட்ட பம்பாய்க்கு வரவழைக்கப்பட்டவர். நாம் வீடு கட்டும்போது நிலை வைத்துப் பூஜை செய்வது போல, பார்சி வழக்கப்படி கப்பலின் அடிமரத்தில் ஒரு வெள்ளி ஆணியை ஜம்செட்ஜி அடித்தார். செலவு 23,000 பவுண்டு.

மரம், மலபார் தேக்கு. இங்கிலாந்தில் ஓக் மரத்தில் கட்டுவார்கள். ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். ஆணி துருப்பிடித்தால் மரமும் சேர்ந்து கெடும். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஆணியும் நிற்கும், மரமும் சீக்கிரம் உளுக்காது.

எனக்கும் தேக்கில்தான் செய்ய ஆசை. நம் வளாகத்துக்கு வழக்கமாக வரும் தச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சார், இவ்ளோ சின்ன வேலைக்கு தேக்கோட ரேகை பெருசாத் தெரியும்" என்றார். ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கும்போது அந்த ரேகை கப்பலில் கயிறு கிடப்பது போல இருக்கும். எனவே பலகைகளுக்கு, சென்னபட்டணத்துப் பொம்மைகள் செய்கிற வெப்பாலை மரம். அடிமரத்துக்கு மட்டும் யாரோ மாற்றிப் போட்ட பழைய தேக்கு ஜன்னல் சட்டம் ஒன்றை அவரே இழைத்துக் கொடுத்தார். நம் கரையில் படகு கட்டுபவர்கள் அடிமரத்தை 'ஏரா' என்பார்கள், விலாச் சட்டங்களை 'வங்கு' என்பார்கள். ஏராவில் வங்குகளை நிறுத்தும் வரை சுலபம். வெந்நீரில் ஊறவைத்த பலகையை முன்பக்க வளைவில் ஒட்டும்போதுதான் பாடம் தொடங்கும். எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் வைத்தால், முன்முனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஒவ்வொன்றையும் முனையில் குறுக்க வேண்டும். இது புரிவதற்குள் ஒரு பக்கத்தையே இரண்டு முறை பிரித்தேன்.

நான் குறுக்கியது நகத்தின் அகலம். பம்பாயில் அதையே கனத்த தேக்குப் பலகையில், கைக்கோடாலியும் இழைப்புளியும் வைத்துச் செய்தார்கள். அந்த வளைவில் கை வைத்த தச்சர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் படித்த புத்தகங்களில் தளபதிகள் பெயர் இருக்கிறது, தலைமைக் கட்டுநர் பெயர் இருக்கிறது. பலகை குறுக்கியவர் பெயர் இல்லை.

1817 அக்டோபர் 12 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கியது. 1819இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தது. ஆனால் எந்தப் போருக்காக உத்தரவு போட்டார்களோ, அது 1815இலேயே முடிந்திருந்தது. வேலையில்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் துறைமுகத்தில் கட்டிவைத்தார்கள். 1847இல்தான் முதல் கடற்பணி. பிறகு மாலுமிகளுக்குப் பயிற்சிக் கப்பல். 1897இல் பழைய மரமாக உடைக்க விற்றுவிட்டார்கள்.

அதே ஆண்டு வீட்லி காப் என்ற செல்வந்தரின் கப்பல் 'ஃபூட்ராயன்' பிளாக்பூல் கரையில் புயலில் சிதைந்தது. ஒரு காலத்தில் நெல்சனின் கொடி பறந்த கப்பல் அது. அதற்குப் பதிலாக அவர் நம் திருகோணமலையை வாங்கி, அந்தப் பெயரையே இதற்கு வைத்து, சிறுவர்களுக்குப் பயிற்சி தந்தார்.

அவர் பராமரித்த இன்னொரு கப்பல் 'இம்ப்ளேக்கபிள்'. 1805இல் டிரஃபால்கர் போரில் கலந்துகொண்ட பிரெஞ்சுக் கப்பல், பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இரண்டும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இம்ப்ளேக்கபிள் உளுத்துப்போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதைச் செப்பனிடும் செலவை யாரும் ஏற்க முன்வரவில்லை. 1949 டிசம்பரில் இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, கடலுக்கு இழுத்துப் போய், வெடிவைத்து மூழ்கடித்தார்கள். பராமரிப்புச் செலவைப் பற்றி நம் பொதுக்குழுவில் நடக்கும் விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கப்பல் ஞாபகம் வரும்.

தேக்குக் கப்பல் தப்பித்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, 1992இல் பழைய பெயரையே மறுபடி சூட்டி, 2001இல் புதுப்பித்து முடித்தார்கள். மரம் நல்ல மரம் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு முறையும் "உடைக்க வேண்டாம்" என்று சொல்ல யாராவது ஒருவர் இருந்தது இன்னொரு காரணம்.

என் மாடலில் கயிறு கட்டும் வேலை பாக்கி இருக்கிறது. பொங்கலுக்குள் முடிந்துவிடும். கிளப் ஹவுஸ் நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கச் சங்கம் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். பெயர்ப் பலகையில் கப்பலின் பெயருக்குக் கீழே 'பம்பாய்த் தச்சர்கள், 1817' என்று எழுதப் போகிறேன். அந்தத் தேக்கு ஜன்னல் சட்டம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.