கடல் கடந்த இந்தியப் படைவீரர்களுக்குச் சென்ற தபாலும் பார்சலும்

கடல் கடந்து போருக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் இடையே கடிதம், மணியார்டர், பார்சல் ஆகியவற்றைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு போர்க்கள அஞ்சல் எனப்படும். 1856இல் பாரசீகத்தின் மீதான படையெடுப்பின்போது தொடங்கிய இந்த ஏற்பாடு இரண்டு உலகப் போர்களிலும் மிக விரிந்தது. இன்றும் ஐ.நா. அமைதிப் படைகளில் பணியாற்றும் வீரர்களுக்குத் தபால் கொண்டு செல்கிறது. பட்டாளத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் நெடுங்காலம் எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வதைக் கேட்டு எழுத ஒருவர், வந்ததைப் படித்துக்காட்ட ஒருவர், இடையில் பிரித்துப் பார்க்கும் அதிகாரி ஒருவர் எனப் பலர் கைபட்டுத்தான் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது.

தொடக்கம்

1856இல் பாரசீக வளைகுடாவின் பூஷெர் துறைமுகத்தில் இறங்கிய படையோடு இந்திய அஞ்சல் துறையின் ஊழியர்களும் சென்றனர். பின்னர் 1867–68இல் அபிசீனியாவுக்கும் 1882இல் எகிப்துக்கும் 1900இல் சீனாவுக்கும் சென்ற படைகளுடனும் போர்க்கள அஞ்சலகங்கள் போயின. சீனப் படைக்கெனச் ‘சி.இ.எஃப்.’ என்ற எழுத்துகள் அச்சிடப்பட்ட இந்திய அஞ்சல் தலைகள் வெளியாயின.

இந்த முறையின் அடிப்படை எளியது. படை எங்கே இருக்கிறது என்பது பகைவருக்குத் தெரியக் கூடாது. ஆகவே விலாசத்தில் ஊர்ப் பெயர் இராது. வீரரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவையே இருக்கும். அந்தப் பிரிவு அன்றைக்கு எங்கே முகாமிட்டிருக்கிறது என்பதை அடித்தள அஞ்சலகம் அறிந்து மூட்டையை அங்கே திருப்பிவிடும். மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியாத தாயின் கடிதமும் அவனிடம் போய்ச் சேர இந்த முறையே வழிசெய்தது.

முதல் உலகப் போர்

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படையின் முதல் பிரிவுகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. லாகூர் டிவிஷனைச் சேர்ந்த அவ்வீரர்கள் சில வாரங்களிலேயே ஈப்ர் போர்முனையின் பதுங்குகுழிகளில் இருந்தனர். அவர்களுக்கான அஞ்சலகங்களில் ‘ஐ.இ.எஃப்.’ என அச்சிடப்பட்ட இந்திய அஞ்சல் தலைகள் விற்கப்பட்டன. கடிதம் பம்பாயிலிருந்து கப்பலேறி, சூயஸ் கால்வாய் கடந்து, மார்செய் வழியாகப் போர்முனையை அடைய வாரக்கணக்கில் ஆனது. நீர்மூழ்கிக் கப்பல்களால் அந்த வழியும் ஆபத்தானதாகியது. இந்தியா நோக்கி வந்த ‘பெர்சியா’ என்ற பயணிகள் கப்பல் 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவருகே தாக்கப்பட்டு, 300க்கும் மேற்பட்ட உயிர்களோடும் தபால் மூட்டைகளோடும் மூழ்கியது.

1915 மார்ச் அளவில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினர். எழுதத் தெரிந்த ஒருவரைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, முறைவைத்துச் சொல்லச் சொல்ல எழுதி வாங்கினர். ஊரிலும் இதே நிலைதான். வந்த கடிதத்தைத் தபால்காரரோ பள்ளி ஆசிரியரோ கூட்டத்தின் நடுவே படித்துக்காட்டுவார். கணவன் மனைவிக்கு எழுதியதும் ஊரறியவே வாசிக்கப்பட்டது. இதை உணர்ந்த வீரர்கள் பயிர், மாடு, கடன், வழக்கு, பிள்ளையின் கல்யாணம் எனப் பொதுவில் பேசக்கூடியவற்றையே மிகுதியும் எழுதினர். பிரெஞ்சுப் பெண்கள் படித்திருப்பதையும் தொழில் நடத்துவதையும் கண்ட பலர், தம் மகள்களைப் பள்ளிக்கு அனுப்பும்படி வீட்டுக்கு வற்புறுத்தி எழுதினர்.

பிரான்சுக்குச் சென்ற இந்தியக் காலாட்படையில் மெட்ராஸ் பிரிவுகள் இல்லை. 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. மெட்ராஸ் சேப்பர்கள் எனும் பொறியியல் படையினர் மெசபடோமியாவில் பாலம் கட்டியும் பாதை அமைத்தும் பணியாற்றினர். ஆகவே தமிழ் மாவட்டங்களின் கடிதங்கள் ஐரோப்பாவை விட இந்த இரு முனைகளுக்கே மிகுதியாகச் சென்றன. மெசபடோமியாவில் 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை நீடித்த கூட் முற்றுகையில் சிக்கிய ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் சரணடைந்து சிறைப்பட்டபோது, அவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்பதே வீட்டாருக்குப் பல மாதங்கள் தெரியவில்லை.

தணிக்கை

அமெரிக்காவிலிருந்து கதர் கட்சியின் விடுதலைப் பிரசுரங்கள் படைவீரர்களை எட்டுகின்றன என்ற அச்சம் பிரிட்டிஷ் அரசுக்கு இருந்தது. எனவே 1914இல் இந்தியத் தபாலுக்கென்று தனித் தணிக்கை அலுவலகம் பிரான்சில் அமைந்தது. பூலோன் நகரில் நெடுநாள் இயங்கிய அதற்கு ஐ.சி.எஸ். அதிகாரி ஈவ்லின் ஹவல் முதல் தலைவர். அவரும் சில உதவியாளர்களும் உருது, இந்தி, பஞ்சாபி, பஷ்து முதலிய மொழிகளின் கடிதங்களைப் பிரித்துப் படித்தனர். ஆயிரக்கணக்கில் வந்தவற்றுள் சிறுபகுதியையே பார்க்க முடிந்தது. அவற்றிலிருந்து தேர்ந்த பகுதிகளை ஆங்கிலமாக்கி, படையின் மனநிலை பற்றிய அறிக்கையோடு வாரந்தோறும் மேலிடத்துக்கு அனுப்பினர். வீரர்கள் எழுதிய கடிதங்களோடு ஊரிலிருந்து வந்தவையும் பார்வைக்கு உட்பட்டன.

தங்கள் கடிதம் பிரிக்கப்படுகிறது என்பது வீரர்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் மறைபொருளாக எழுதக் கற்றனர். இந்திய வீரர்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாய் என்றும் குறித்து, கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என உயிரிழப்பை ஊருக்கு உணர்த்தினர். காயம்பட்டுத் தாயகம் திரும்புவோரின் கையில் கடிதத்தைக் கொடுத்தனுப்பித் தணிக்கையைத் தாண்டியவர்களும் உண்டு.

பார்சல்களும் நிதிகளும்

ஐரோப்பியக் குளிர் இந்திய வீரர்களுக்குப் புதிது. 1914 அக்டோபரில் புனித ஜான் அமைப்பின் சார்பில் லண்டனில் தொடங்கிய இந்தியப் படைவீரர் நிதி, சர் ஜான் ஹ்யூவெட் தலைமையில் கம்பளி உடை, காலுறை, கழுத்துத்துணி ஆகியவற்றோடு இனிப்பும் சிகரெட்டும் அனுப்பியது. குர்ஆன், குரு கிரந்த சாகிப் ஆகியவற்றின் பிரதிகளும், சீக்கியர்களுக்கான கிர்பான், கடா எனும் இரும்புக் காப்பு, சீப்பு ஆகியவையும் அதன் பொதிகளில் சென்றன. வயிற்றுக்கும் உடம்புக்கும் வேண்டியதோடு வழிபாட்டுக்கு வேண்டியதையும் நினைத்து அனுப்பியது இந்த நிதியின் தனிச்சிறப்பு.

அதே ஆண்டு இளவரசி மேரியின் பெயரால் திரட்டப்பட்ட நிதியில் ஒவ்வொரு வீரருக்கும் கிறிஸ்துமஸுக்குப் பித்தளைப் பெட்டி ஒன்று வழங்கத் திட்டமிடப்பட்டது. பொது மக்களிடமிருந்து 1,60,000 பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. 1914 கிறிஸ்துமஸ் நாளில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பரிசு எட்டியது. பிரிட்டிஷ் வீரர்களில் புகைப்பவருக்குப் புகையிலை வைத்தனர். கூர்க்கா வீரர்களுக்கும் அதுவே. புகையிலை தொடாத சீக்கியர்களுக்குக் கற்கண்டும் மசாலாப் பொருள் டப்பாவும், மற்ற இந்திய வீரர்களுக்கு இவற்றோடு சிகரெட்டும் வைக்கப்பட்டன. முகாம்களில் தண்ணீர் சுமந்தும் ஏவல் செய்தும் வந்த இந்தியப் பணியாளர்களுக்கு மசாலா டப்பாவும் வாழ்த்து அட்டையும் மட்டுமே கிடைத்தன. போர்முனையில் அதே குண்டு மழையில் நின்றவர்களிடையே பரிசிலும் தரம் பிரித்தது வருத்தத்துக்குரியது.

இரண்டாம் உலகப் போர்

1939–45 போரில் இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. மெட்ராஸ் மாகாணத்தில் ஆட்சேர்ப்பு விரிந்ததால் தமிழ், தெலுங்கு, மலையாளத்தில் எழுதுவோரின் எண்ணிக்கையும் படையில் உயர்ந்தது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, மலேயா, பர்மா என நான்கு திசைகளில் தபால் செல்ல வேண்டியிருந்தது. மத்தியதரைக்கடல் வழி அடைபட்டதால் கப்பல் தபால் மாதக்கணக்கில் தாமதித்தது. இதற்குத் தீர்வாக 1941இல் பிரிட்டனுக்கும் மத்திய கிழக்குக்கும் இடையே ‘ஏர்கிராஃப்’ முறை அறிமுகமாகிப் பின்னர் இந்தியாவுக்கும் விரிந்தது. கடிதத்தைக் கோடாக் நிறுவனத்தின் நுண்படச் சுருளில் படம் பிடித்து, சுருளை விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாளில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். மூட்டை நிறையக் கடிதங்கள் கைக்குள் அடங்கும் சுருளாகச் சுருங்கின. பர்மாக் காடுகளில் தரைவழி துண்டிக்கப்பட்ட பிரிவுகளுக்கு உணவோடு தபால் பையும் விமானத்திலிருந்து போடப்பட்டது.

இப்போரில் கவலை பெரும்பாலும் ஊரிலிருந்து முனைக்குப் பயணித்தது. 1942–43இல் விலைவாசி ஏறி, வங்காளத்தில் பஞ்சம் பரவியபோது, அரிசி கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை என்ற செய்திகள் கடிதங்களில் வந்து குவிந்தன. தனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, அனுப்பும் பணத்தால் வீட்டில் அடுப்பெரியவில்லை என்ற வேதனை வீரர்களை வாட்டியதைத் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தன.

வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலி, ஜெர்மனி முகாம்களில் இருந்த இந்தியக் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக உணவுப் பார்சல்கள் சென்றன. லண்டனில் இயங்கிய இந்திய நல உதவி நிதி அவற்றைத் தயாரித்தது. கோதுமை மாவு, பருப்பு, மசாலாப் பொடி என இந்திய நாவுக்கு ஏற்ற பொருள்கள் அவற்றில் இருந்தன. கிழக்கே நிலைமை வேறு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஜப்பானியர் வசமாயினர். எப்போதாவது அனுமதிக்கப்பட்ட சில சொற்கள் கொண்ட அட்டையைத் தவிர அவர்களிடமிருந்து செய்தி வரவில்லை. போர் முடியும்வரை பல குடும்பங்கள் ஒரு வரியும் பெறாமலே காத்திருந்தன.

விடுதலைக்குப் பின்

1953இல் கொரியாவுக்குச் சென்ற இந்தியக் காவல் படைக்கும், 1954இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவுக்குச் சென்ற கண்காணிப்புக் குழுக்களுக்கும், 1960களில் காங்கோ, காசா ஆகிய இடங்களிலிருந்த ஐ.நா. படைப்பிரிவுகளுக்கும் மேலச்சிட்ட இந்திய அஞ்சல் தலைகள் வெளியிடப்பட்டன. 1972 மார்ச் 1 அன்று ராணுவ அஞ்சல் பணி தனிப் படைப்பிரிவாக அமைக்கப்பட்டது. அஞ்சல் துறை ஊழியர்கள் அயல்பணியாக இதில் சேர்ந்து சீருடை அணிகின்றனர். இதன் பயிற்சி மையம் நாக்பூர் அருகே காம்ப்டியில் உள்ளது. டெல்லி வழியாகப் பிரியும் தபாலுக்கு ‘56 ஏ.பி.ஓ.’, கொல்கத்தா வழியாகப் பிரிவதற்கு ‘99 ஏ.பி.ஓ.’ என்ற விலாசம் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்தது. 1987 முதல் 1990 வரை இலங்கையிலிருந்த இந்திய அமைதிப் படையோடும் போர்க்கள அஞ்சலகங்கள் இருந்தன.

கைப்பேசியும் காணொளி அழைப்பும் வந்தபின் கடிதம் குறைந்துவிட்டது. எனினும் பார்சலை அழைப்பில் அனுப்ப முடியாது. ரக்ஷா பந்தன் கயிறும் பண்டிகைப் பலகாரமும் இன்றும் ராணுவ அஞ்சல் வழியாகவே செல்கின்றன.

ஆவண மதிப்பு

முதல் உலகப் போர்க் காலத்து இந்தியத் தணிக்கை அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து தேர்ந்த கடிதங்களை வரலாற்றாசிரியர் டேவிட் ஓமிசி 1999இல் நூலாக வெளியிட்டார். கண்காணிக்க எழுதப்பட்ட அறிக்கையே, எழுத்தறியாத உழவர் குடியினரின் குரலைக் காப்பாற்றிய களஞ்சியமாகிவிட்டது. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆங்கில வடிவங்களே. மூலக் கடிதங்கள் மிகச் சில. மெட்ராஸ் காலாட்படை பிரான்சில் இல்லாததால் தமிழ்க் குடும்பங்களின் குரல் அந்தத் தொகுப்பில் அரிது. இரண்டாம் உலகப் போர் முதல் இலங்கை வரை எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்கள் வீடுகளிலுள்ள டிரங்குப் பெட்டிகளில் இருந்தால், அவற்றை உறையோடும் அஞ்சல் முத்திரையோடும் பாதுகாத்து நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சேர்ப்பது அவசரமான பணி. முத்திரையிலுள்ள எண்ணும் தேதியும் அந்தப் பிரிவு எங்கே இருந்தது என்பதைச் சொல்லும். கடிதம் அந்த நாளில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லும். போர் வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும்.