ஓட்டமும் ஊட்டமும்: வளரிளம் ஓட்டப்பந்தய வீராங்கனைகளின் உடல்நலம் பற்றிய கருத்து மாறிய வரலாறு

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடிகளில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேருமே எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். ஆனால் பெண்கள் ஓட முடியாமல் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பொய்ச் செய்தியின் விலை 32 ஆண்டுகள். 800 மீட்டர் 1960இல் ரோம் நகரில்தான் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1500 மீட்டர் 1972இலும், மாரத்தான் 1984இலும் சேர்ந்தன. ஓட்டம் பெண்ணின் உடலைக் கெடுக்கும் என்ற அச்சத்திலிருந்து, ஓடும் பெண்ணுக்குப் போதிய உணவு சேர்கிறதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் வந்து சேர்ந்த வழியை இக்கட்டுரை பின்தொடர்கிறது. இடையில் இன்னொரு பிழை நிகழ்ந்தது. பழைய தடை ஓட்டத்தைக் குற்றம் சொன்னது. பின்வந்த பயிற்சி முறை பெண்ணின் எடையைக் குற்றம் சொன்னது. பட்டினி இரண்டின் கண்ணிலும் படவில்லை.

அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட ‘டைட்டில் நைன்’ சட்டம் பள்ளி, கல்லூரி விளையாட்டுக்குள் பெருந்திரளான பெண்களைக் கொண்டுவந்தது. கடுமையாக ஓடிய பலருக்கு மாதவிடாய் நின்றது. உடற்பயிற்சியின் இயல்பான விளைவு என்று இதைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். கடினமாக உழைப்பதன் அடையாளம் என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு. 1974இல் ரோஸ் ஃப்ரிஷும் ஜேனட் மெக்கார்தரும் ஒரு விளக்கம் தந்தனர்: பூப்பெய்த உடல் எடையில் சுமார் 17 விழுக்காடும், மாதவிடாய் சீராகத் தொடரச் சுமார் 22 விழுக்காடும் கொழுப்பு வேண்டும் என்பது அவர்கள் கருதுகோள். அது கவனத்தை உடலின் கொழுப்பளவின் மேல் குவித்தது; அன்றாடம் தட்டில் விழும் உணவு பின்னுக்குப் போனது. 1984 ஆகஸ்டில், முதல் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானை ஜோன் பெனாய்ட் வென்ற அதே மாதம், பார்பரா டிரிங்க்வாட்டர் குழுவினரின் ஆய்வு வெளியானது. மாதவிடாய் நின்ற 14 வீராங்கனைகளை, சீராக வந்துகொண்டிருந்த 14 வீராங்கனைகளோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். முதல் குழுவின் சராசரி வயது 25ஐ ஒட்டியது. அவர்களின் முதுகெலும்பு அடர்த்தியோ ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குரிய அளவில் இருந்தது. மாதவிடாய் நிற்பது தீங்கற்றது என்ற எண்ணம் இதோடு ஆட்டம் கண்டது.

அப்படியானால் காரணம் எது, ஓட்டத்தின் அழுத்தமா, உணவுக் குறைவா? இதைப் பிரித்துக் காட்டியவர் ஆன் லௌக்ஸ். உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, மாதவிடாய் சீராக உள்ள இளம்பெண்களை ஐந்து நாள் பயிற்சி செய்யவைத்து, உணவின் அளவை மட்டும் மாற்றினார். செலவான ஆற்றலுக்கு ஈடாக உணவு கிடைத்தவர்களின் சூலகத்தை இயக்கும் ஹார்மோன் துடிப்பு, பயிற்சியால் குலையவில்லை. பயிற்சிச் செலவு போக எஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 30 கிலோ கலோரிக்குக் கீழே போனதும் துடிப்பு குலைந்தது. 2003இல் வெளியான இந்த முடிவை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்குக் கொழுப்பு நீங்கலாக 38 கிலோ என்று கொள்வோம். நாளுக்கு 1,600 கிலோ கலோரி உண்டு, ஓட்டத்தில் 500 செலவழித்தால் எஞ்சுவது 1,100, கிலோவுக்கு 29. போதுமானதாகக் கருதப்படும் 45ஐ எட்ட அவள் ஏறத்தாழ 2,200 உண்ண வேண்டும். வீட்டாரின் கண்ணுக்கு அவள் வழக்கம்போலத்தான் சாப்பிடுகிறாள். குறை தட்டில் தெரியாது, கணக்கில்தான் தெரியும். 30 என்ற எல்லை எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்று பிந்தைய ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் கோணம் மாறிவிட்டது. லௌக்ஸின் 2006ஆம் ஆண்டு ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பூப்பெய்தி 14 ஆண்டுகள் கடந்த பெண்களிடம் இதே ஐந்து நாள் குறை அந்தத் துடிப்பைக் குலைக்கவில்லை. இளையவர்களின் உடலே பட்டினியைப் பொறுக்காதது.

பெயர்களும் இதற்கேற்ப மாறின. உண்ணுதலில் கோளாறு, மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்மானம் ஆகிய மூன்றையும் இணைத்து ‘வீராங்கனைகளின் முக்கூட்டு நோய்’ என்ற கருத்து 1992இல் அமெரிக்காவில் உருவானது. 2007ஆம் ஆண்டு வரையறையில் ஆற்றல் குறைவு மூலகாரணமாக ஏற்கப்பட்டது. வேண்டுமென்றே உணவைக் குறைக்காதவளும் அதற்குள் வந்தாள். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை விரித்து, ஆண்களையும் உள்ளடக்கி, ‘ரெட்-எஸ்’ என்று பெயரிட்டது. 2018லும் 2023லும் திருத்தியது. முக்கூட்டு ஆய்வாளர்கள் இந்த விரிவாக்கத்துக்குப் போதிய சான்றில்லை என்று உடனே எதிர்த்தார்கள். 2024இலும் காரண காரியத் தொடர்பு பற்றிக் கடுமையான கேள்விகள் எழுந்தன. இந்த ஐயங்கள் நியாயமானவை. ஆனால் அவை நோயின் எல்லை எதுவரை என்பதைப் பற்றியவை. ஆற்றல் குறைந்தால் மாதவிடாயும் எலும்பும் பாதிக்கப்படும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

மெலிந்தால் வேகம் கூடும் என்பதுதான் பயிற்சிக் களத்தில் கேட்கும் வலுவான மறுப்பு. சில மாதங்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் அது ஆபத்தானது. பூப்பெய்தும் பருவத்தில் பெண்ணின் உடல் அகன்று எடை கூடுவதால் ஓட்ட நேரம் ஓரிரு ஆண்டுகள் தேங்குவது இயல்பு. அந்தத் தேக்கத்தைத் தோல்வியாகப் பார்ப்பவர்கள் உணவில் கைவைக்கிறார்கள். ஆனால் கனடாவின் சஸ்காட்செவனில் சிறார்களை ஆண்டுக்கணக்கில் அளந்த ஆய்வின்படி, முதிர்ந்த எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ கால் பங்கு, வளர்ச்சி வேகம் உச்சம் தொடும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. அப்போது தவறவிட்டதைப் பின்னர் முழுமையாக மீட்பது கடினம். 2013இல் 17 வயதில் மாஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடிய மேரி கெய்ன், 2019இல் வெளிப்படையாகப் பேசினார்: எடையைக் குறைக்கும்படி தொடர்ந்து நெருக்கப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் சொன்னார்.

இன்னொரு மறுப்பை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். மாதவிடாயைக் கண்காணிப்பது, பெண் பலவீனமானவள் என்ற 1928ஆம் ஆண்டு வாதத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவராதா? கண்காணிப்பு அவளைத் தடுக்கப் பயன்பட்டால் நிச்சயம் கொண்டுவரும். ஆனால் நான் காட்டிய சான்றுகள் கேட்பது கூடுதல் உணவை. ஓட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பதும் தீர்வாகாது; அந்த உதிரப்போக்கு மாத்திரையால் வருவது, உடல் தேறியதற்குச் சான்றாகாது. எச்சரிக்கை மணியை அடைத்துவைப்பதுதான் அதில் நடக்கிறது.

மாணவிகளுக்கு ஓட்டப் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். குழுவின் முன்னால் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். அதிகாலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும், எலும்பில் வலி விடாமல் இருந்தாலும் அடுத்த போட்டிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.