தஞ்சையில் இறங்கிய வெல்லிங்டன்

1942 அக்டோபரில் தஞ்சாவூரில் ஒரு விமானப்படைப் பிரிவு மறுபிறவி எடுத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் பிரிவு அது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்த அப்பிரிவு, வில்டிபீஸ்ட் என்னும் பழைய இரட்டையிறக்கை விமானங்களைக் கொண்டு ஜப்பானியரை எதிர்த்தது. ஜனவரி 26-ஆம் நாள் மலாயாவின் எண்டாவ் கரையில் பேரிழப்பு எய்தியது. மார்ச்சில் ஜாவா வீழ்ந்தபோது பிரிவு என்று சொல்ல ஒன்றும் எஞ்சவில்லை. அதன் எண்ணைத் தாங்கிய புதிய பிரிவே தஞ்சையில் உருவாயிற்று.

ஏன் தஞ்சை? மாணவ நண்பர்களே, தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பும், 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலையும் தாக்குண்டன. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. காவிரிப் படுகையின் நெல்லுக்கு முன்னில்லாத மதிப்பு ஏற்பட்டது. வங்கக் கடலிற் செல்லும் கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து காக்கத் தொலைவு பறக்கும் விமானங்கள் வேண்டியிருந்தன. 1940-இல் அமைத்த விமானத்தளம் ஒன்று தஞ்சையில் இருந்தது. சேற்று வயலில் ஓடுபாதை நில்லாதன்றோ? நகரின் தெற்கே, செம்பாறை மண் மேட்டிலேயே அது அமைந்தது.

அங்கு வந்தவை வெல்லிங்டன் விமானங்கள். அவற்றின் உடலமைப்பை வகுத்தவர் பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியறிஞர். இலேசான உலோகப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் பின்னி, மேலே துணி போர்த்தினார். நம் ஊரில் மூங்கிற்கூடை முடைவோருக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை. கூடையில் நாலு பிளாச்சு முறிந்தாலும் மற்றவை சுமையை ஏற்கும். அவ்வாறே குண்டுபட்டு உடலிற் பெருந்துளை விழுந்த வெல்லிங்டன்கள் பல வீடு திரும்பின. மொத்தம் 11,461 கட்டப்பட்டன. இன்று எஞ்சியவை இரண்டே. இரண்டும் இங்கிலாந்தில் உள்ளன.

அவற்றுள் ஒன்றை, அது பிறந்த ஊராகிய வேபிரிட்ஜில் புரூக்லண்ட்ஸ் காட்சிசாலையில் கண்டேன். மோட்டார்ப் பந்தயத்துக்காக 1907-இல் அமைந்த களம் அது. அருகில் விக்கர்ஸ் கம்பெனியின் விமானத் தொழிற்சாலை எழுந்தது. அங்கே உருவான என் 2980 என்னும் இவ்விமானம், 1939 டிசம்பர் 18-இல் ஜெர்மனியின் ஹெலிகோலாந்து வளைகுடாப் போரில் ஈடுபட்டுத் தப்பியது. 1940 டிசம்பர் 31-இல் பயிற்சியின்போது எஞ்சின் பழுதுற்று, ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. முன்னரே பாரசூட்டில் குதித்தவர்களுள் பின்புறத் துப்பாக்கி வீரர் மட்டும் மாண்டார்.

நெஸ் ஏரி விசித்திரப் பிராணி ஒன்றின் பெயரால் புகழ் பெற்றது. அதைத் தேடிச் சென்றவர்களுக்கு 1976-இல் கிடைத்தது இவ்விமானமே! 1985 செப்டம்பரில் மேலே தூக்கினர். நாற்பத்தைந்து ஆண்டுகள் நன்னீரில் கிடந்த வால் விளக்கு, புதிய மின்கலத்தில் இணைத்தவுடன் எரிந்ததாம். தொண்டர்கள் பல்லாண்டு உழைத்துச் செப்பனிட்டனர். பெரும்பகுதிக்குத் துணி போர்த்தாமல் விட்டிருப்பது, என் கருத்தில், மிகச் சரியான செயல். பின்னல் வேலை முழுதும் கண்ணுக்குப் புலனாகிறது. நீர் அரித்த இடமும் நிலத்தில் மோதி நெளிந்தது போன்ற வளைவும் மறைக்கப்படவில்லை.

இந்த விமானம் தஞ்சை மண்ணைத் தொட்டதன்று. அதன் உடன்பிறப்புகளே அங்கு வந்தன. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் காணலாம். அதே ஊரின் 1942-ஆம் ஆண்டைக் கண்ணாற் காணவோ கடல் கடக்க வேண்டியிருக்கிறது. போர் முடிந்ததும் பயனற்ற இரும்பென்று உடைத்தெறியும் வழக்கம் எல்லா நாட்டுக்கும் பொதுவே; ஏரி விழுங்கியதால் அல்லவா இந்த ஒன்று பிழைத்தது!

36-ஆம் பிரிவு 1943 ஜூனில் வட ஆப்பிரிக்கா சென்றது. தளம் மட்டும் நின்றது. 2013 மே மாதத்தில் அது இந்திய விமானப்படை நிலையமாயிற்று. 2020 ஜனவரி 20-இல் சுகோய் விமானங்களுடன் 222-ஆம் பிரிவு அங்கே குடியேறியது.