நெய்யாறு அணையும் மாமாவின் வயலும்

கொடைக்கானல் ஏரி பார்த்துவிட்டு வந்து பெருமை பேசும் நண்பர்களே, எங்கள் பாறசாலைக்குப் பக்கத்திலும் ஒரு மலையேரி உண்டு. நெய்யாறு அணை. மேலே 1868 மீட்டர் உயர அகத்தியர்கூடம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழையும் கிடைப்பதால் காடு எப்போதும் பச்சை. படகு உண்டு, முதலைகள் உண்டு. சிங்கப் பூங்காவில்தான் சிங்கம் இல்லை!

அணை வேலை தொடங்கியது திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில். 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1958ல் அணை முடிந்தபோது ஒரே ஆற்றுக்கு இரண்டு அரசு. ஆனாலும் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி ஓடியது, அந்தப் பக்கம் மாமா வயல் வரை. 2004ல் தண்ணீர் நின்றது. 2012ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. மாமா அதற்குள் நெல்லை விட்டு ரப்பர் வைத்துவிட்டார்.

அடுத்த லீவில் துபாயிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படகு காட்டவேண்டும். அந்தக் காய்ந்த கால்வாயையும்தான்.