ஹாரி பாட்ச்

ஹாரி பாட்ச் (17 ஜூன் 1898 – 25 ஜூலை 2009) முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்று போரிட்ட எல்லா நாட்டு வீரர்களிலும் கடைசியாக உயிரோடிருந்தவர். இங்கிலாந்தில் பாத் நகரை ஒட்டிய கூம் டவுனில் பிறந்து, பிளம்பர் தொழில் பழகினார்.

படைக்கு அவர் விரும்பிப் போகவில்லை. 1916 அக்டோபரில் கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டு, மறு ஆண்டு பெல்ஜியத்தின் பாஷன்டேல் களத்துக்கு வந்தார். லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய ஐவரில் ஒருவர். கூடுமானவரை ஆளைக் கொல்வதில்லை, சுட்டால் காலில் சுடுவது என்று ஐவரும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தனர். துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து வந்த ஜெர்மானியரை பாட்ச் முதலில் தோளில் சுட்டார். அப்போதும் அவர் நிற்காததால் காலில் சுட்டார். பத்தொன்பது வயது இளைஞர், சாவு எதிரே ஓடிவரும்போதும் சொன்ன சொல்லைக் காத்தார். அவருடைய போர்ச் சேவையில் இதைவிடப் பெரிய செயல் இல்லை. தோள் முதல் இடுப்பு வரை கிழிபட்டுக் கிடந்த சக வீரர் ஒருவர் தம்மைச் சுட்டுவிடும்படி கெஞ்சியதையும், பாட்ச் கைத்துப்பாக்கியை எடுப்பதற்குள் ‘அம்மா’ என்று சொல்லி உயிர்விட்டதையும் அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1917 செப்டம்பர் 22 இரவு வெடித்த குண்டில் குழுவின் மூவர் மாண்டனர். பாட்சின் உடலில் பாய்ந்த குண்டுச் சிதறலை மயக்க மருந்து கொடுக்காமலேயே எடுத்தார்கள். அதோடு அவருடைய போர் முடிந்தது.

ஊர் திரும்பியவர் பழைய தொழிலையே செய்தார். இரண்டாம் உலகப் போரில் பாத் நகரம் குண்டுவீச்சுக்கு ஆளானபோது தீயணைப்புப் படையில் இருந்தார். களத்தில் கண்டதை மட்டும் யாரிடமும், மனைவியிடம்கூட, சொன்னதில்லை. நூறு வயதை எட்டிய 1998இல்தான் வாய் திறந்தார். 2004இல், அதே போரில் ஜெர்மன் தரப்பில் நின்ற 107 வயது சார்லஸ் குன்ட்சைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அவர் ஒரு டப்பா பிஸ்கட் தர, இவர் தம் ஊர் ஆப்பிள் மதுவைத் தந்தார். 2007இல் நினைவுநூல் வெளிவந்தது. மறு ஆண்டு ஸ்டீன்பேக் ஓடைக்கரையில், தாம் அன்று படையோடு கடந்த இடத்தில், மாண்ட தோழர்களுக்கு நினைவுக்கல் எழுப்பினார். நவம்பர் 11 அரசு விழாக்களைவிட செப்டம்பர் 22தான் அவருக்கு நினைவு நாள்.

கடைசி வீரருக்கு அரசு முறை இறுதிச் சடங்கு நடத்தவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் அதை விரும்பவில்லை. 2009 ஆகஸ்ட் 6 அன்று வெல்ஸ் பேராலயத்தில் நடந்த சடங்கில், அவர் சொல்லி வைத்தபடி, அலங்காரத்துக்குக்கூட ஆயுதம் இல்லை. பிரிட்டிஷ் வீரர்கள் சவப்பெட்டியைச் சுமக்க, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் படைவீரர்கள் இருவர் இருவராக உடன் நடந்தனர். மங்க்டன் கூம் தேவாலய வளாகத்தில், குடும்பத்தார் கல்லறைகளுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.