மாத்திரை அட்டையில் இருக்கும் 'லெவோ' எங்கிருந்து வந்தது?

லெவோசெட்டிரிசின், லெவோஃப்ளாக்சசின், லெவோடோபா... இந்த 'லெவோ'வுக்கு, ஒளியை இடப்பக்கம் திருப்பும் மூலக்கூறுன்னு அர்த்தம். கதை 1848ல் பாரிஸில் நடக்குது.

நம்ம புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலம்தான் ஹீரோ. அங்கே ஒயின் பீப்பாயில் படியும் உப்பிலிருந்து எடுப்பாங்க.

சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டினால் அது முனைவுற்ற ஒளி. டார்டாரிக் அமிலக் கரைசல் வழியா அதை அனுப்பினா அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். சில திரவங்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டுன்னு 1815லேயே கண்டவர் பியோ.

சிக்கல் என்னன்னா, ரேசிமிக் அமிலம்னு இன்னொண்ணு இருந்தது. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஆனா ஒளி துளிகூடத் திரும்பாது. ரெண்டின் உப்புப் படிகங்களும் ஒரே மாதிரிதான்னு ஜெர்மனியின் மிட்செர்லிக் 1844ல் அறிவிச்சுட்டார்.

லூயி பாஸ்டருக்கு அப்போ 25 வயசு. வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு இன்னும் 37 வருஷம் இருக்கு. ரேசிமிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி உத்துப் பார்த்தார். படிகத்தின் மேற்பரப்பில் சின்னதா ஒரு சாய்ந்த முகம். சிலதில் வலப்பக்கம், சிலதில் இடப்பக்கம். வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் மாதிரி! ஒவ்வொண்ணா கையால் பொறுக்கி ரெண்டு குவியலாக்கிக் கரைச்சார். ஒண்ணு ஒளியை வலப்பக்கம் திருப்பியது, இன்னொண்ணு இடப்பக்கம். சமமா கலந்தா பூஜ்யம்.

(அதிர்ஷ்டமும் உண்டு. 27 டிகிரி போல தாண்டிட்டா இந்த உப்பு இப்படித் தனித்தனியா படிகமாகாது.)

74 வயசு பியோ நம்பல. அமிலம், சோடா, அம்மோனியா எல்லாம் தானே கொடுத்து, தன் கண் முன்னாடி கலக்கச் சொன்னார். கரைசல் தன்னிடமே இருக்கட்டும்னுட்டார். படிகம் வந்ததும் பாஸ்டர் பிரிச்சுத் தரணும், கரைச்சு அளப்பது பியோ.

முதலில் எதை வைத்தார் தெரியுமா? இடது குவியலை. வலப்பக்கம் திருப்பும் அமிலம் ஏற்கெனவே தெரிஞ்சதுதானே, புதுசு இதுதான். கருவிக்குள் பார்த்தவருக்கு அளக்கும் முன்பே தெரிஞ்சுபோச்சு. பாஸ்டரின் கையைப் பிடிச்சுக்கிட்டார் கிழவர்.

எனக்கு இதில் பாஸ்டரைவிட பியோவைத்தான் பிடிக்கும். 33 வருஷமா அவர் கட்டி வளர்த்த விஷயம். அதுக்கு ஒருத்தன் விடையோட வந்து நிக்கிறான், அப்பவும் ஆசையில் நம்பிடல.

"செட்டிரிசின் 10 மில்லிகிராம் போட்டுட்டு இருந்தேன், இப்போ 5 தான் எழுதியிருக்கீங்க"ன்னு ஓ.பி.யில் கேட்பாங்க. பழைய மாத்திரையில் ரெண்டு கையும் பாதிப் பாதி. வேலையைப் பெரும்பாலும் செய்வது இந்த லெவோ பாதிதான்.